பூட்டை உடைத்தவளுக்கு ஒரு பரிந்துரை

நவம்பர் 4, திங்கள்

பெங்களூரில் நான் சேர நினைக்கும் தனியார் பல்கலைக்கழகத்தின் விண்ணப்பம் இன்று இணையத்தில் திறந்துவிட்டது. நாலு வருட உயிரியல் படிப்பு. முழு உதவித்தொகை கிடைத்தால் போகலாம், இல்லையென்றால் பாளையங்கோட்டையிலேயே ஏதாவது கல்லூரி என்று அம்மா முன்பே சொல்லிவிட்டாள். பெயர், பிறந்த தேதி, மதிப்பெண் எல்லாவற்றையும் மளமளவென்று நிரப்பிக்கொண்டே வந்தேன். பிறகு ஒரு பக்கம் வந்தது.

எனக்குப் பாடம் எடுத்த ஆசிரியர்கள் இரண்டு பேர் என்னைப் பற்றிக் கடிதம் எழுத வேண்டும். அவர்களின் மின்னஞ்சல் முகவரியைக் கொடுப்பதோடு என் வேலை முடிந்தது. கடிதம் அவர்களிடமிருந்து நேராகப் போய்விடும், நான் பார்க்க முடியாது. அவர்களுக்கான கேள்விகளை மட்டும் எனக்கும் காட்டியிருந்தார்கள். கடைசிக் கேள்வி: இந்த மாணவர் எப்போதாவது ஒழுங்கு நடவடிக்கைக்கு உள்ளானது உண்டா? உண்டு என்றால் விளக்கவும்.

விளக்கலாம். நிறையவே விளக்கலாம்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் பெண்களுக்கான கழிப்பறையை இடைவேளை தவிர மற்ற நேரமெல்லாம் பூட்டி வைத்திருந்தார்கள். வகுப்பை விட்டு வெளியே வந்து அரட்டை அடிக்கிறோமாம். ஆகஸ்ட்டில் ஒருநாள் இரண்டாவது பீரியடில் என் தோழி பிரியாவால் அடக்க முடியவில்லை. அதற்கு முந்தின மாதம்தான் சிறுநீர்த் தொற்று வந்து, எங்கம்மா நர்சாக இருக்கும் ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுக்கொண்டாள். சாவி கேட்டதற்கு, பெல் அடிக்கட்டும் என்று ஆபீசில் சொல்லிவிட்டார்கள். அவள் கதவுக்கு முன்னால் நின்று அழுதாள். பக்கத்தில் கட்டிட வேலைக்குக் கொட்டிய செங்கல் கிடந்தது. எடுத்து அடித்தேன். பூட்டு சின்னதுதான்.

பிரியா உள்ளே ஓடினாள். பின்னாலிருந்து ஒரு கை என் மணிக்கட்டைப் பிடித்தது. உயிரியல் எடுக்கும் விஜிலா டீச்சர். அப்படியே இழுத்துக்கொண்டு போய் வைஸ் பிரின்சிபால் தேவசகாயம் சார் முன்னால் நிறுத்தினார். ஒரு வாரம் சஸ்பெண்ட்.

அதற்குப் பிறகு அந்தக் கதவில் பூட்டு தொங்கவில்லை. விஷயம் வெளியே போய்விடக் கூடாது என்று யோசித்திருப்பார்கள். ஆக, நான் செய்தது பலித்தது. இதை யாரும் சொல்வதில்லை, அதனால் நானே எழுதி வைக்கிறேன்.

நவம்பர் 5, செவ்வாய்

அம்மா நைட் டியூட்டி முடிந்து வந்து தோசை வார்த்தாள். கடிதத்தைப் பற்றிச் சொன்னேன்.

“தேவசகாயம் சார்ட்ட கேளுட்டி. வைஸ் பிரின்சிபால்னா ஒரு மதிப்பு இருக்கும்லா.”

“அவரு எழுதுவாராம்மா?”

“அவரு நடத்துற கெமிஸ்ட்ரில நீதான ஃபர்ஸ்ட்டு? கொஞ்சம் தணிஞ்சு பேசு. ஒனக்கு அது மட்டும் வராது.”

தணிந்து பேசுவதை மூன்று தோசை நேரம் ஒத்திகை பார்த்தேன்.

நவம்பர் 6, புதன்

சார் என்னை உட்காரச் சொன்னார். நல்ல சகுனம் என்று நினைத்தேன்.

“நீ நம்ம ஸ்கூல்லயே நல்லாப் படிக்கிற பிள்ள பெர்சிஸ். ஒனக்கு எழுதாம யாருக்கு எழுதப் போறேன்? ஒழுங்கு நடவடிக்கைன்னு ஒரு கேள்வி இருக்கும். அதுல ‘இல்லை’ன்னு போட்டுருதேன். நீ வாற திங்கக்கிழமை அசெம்பிளில ஏறி, செஞ்சது தப்புன்னு ரெண்டு வார்த்தை சொல்லிரு. முடிஞ்சுது.”

“சஸ்பெண்ட் பண்ணுனீங்கள்லா சார். ‘இல்லை’ன்னு எழுதுனா பொய்யில்லையா?”

“எல்லாம் ஒன் நல்லதுக்குத்தானம்மா.”

“பூட்டி வச்சது தப்புன்னு நீங்களும் ரெண்டு வார்த்தை சொல்லுவீங்களா சார்?”

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நீ போலாம்” என்றார்.

தணிந்துதான் பேசினேன். சத்தமே போடவில்லை. மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கியது, மழைக்குப் படி வழுக்கும் என்பதற்காக.

நவம்பர் 8, வெள்ளி

ஃபிசிக்ஸ் சார் உடனே சரி என்றார். “நீயே எழுதிக் கொண்டாம்மா. நான் அப்படியே அனுப்பிருதேன். போன வருசம் நாலு பேருக்கு அப்படித்தான் செஞ்சேன். நாலு பேருக்கும் கெடச்சுட்டு.”

நவம்பர் 9, சனி

என்னைப் பற்றி ஃபிசிக்ஸ் சார் எழுதுவதுபோல நானே எழுதிப் பார்த்தேன். ‘பெர்சிஸ் பணிவும் பொறுமையும் மிக்க மாணவி.’ காய்ந்த துணியை மடித்துக்கொண்டிருந்த அம்மா எட்டிப் பார்த்தாள். “யாருட்டி இந்தப் பிள்ள?” என்று கேட்டாள்.

கிழித்துப் போட்டுவிட்டேன்.

நவம்பர் 11, திங்கள்

அசெம்பிளி. தேவசகாயம் சார் மைக் பக்கத்தில் நின்று என் வரிசையைப் பார்த்தார். நான் கொடிக்கம்பத்தைப் பார்த்தேன். தேசிய கீதம் முடிந்து எல்லோரும் கலைந்தோம்.

சென்னைக் கல்லூரி ஒன்றுக்காகப் பிரியா கேட்டிருந்த கடிதத்தை அவர் கொடுத்துவிட்டார். அந்த நாளைப் பற்றி அவளிடம் விசாரித்தபோது, “எனக்கு ஒண்ணும் தெரியாது சார், அவளாத்தான் ஒடச்சா” என்று சொன்னாளாம். வகுப்பில் பேசிக்கொண்டார்கள். சொன்னது உண்மைதானே? நானாகத்தான் உடைத்தேன். அவள் உடைக்கச் சொல்லவில்லை. எனக்கு ஒன்றும் வருத்தமில்லை.

சாயங்காலம் சைக்கிள் ஸ்டாண்டில் டயரில் காற்று இருக்கிறதா என்று அழுத்திப் பார்த்தேன். முன் டயர், பின் டயர், மறுபடி முன் டயர். அவள் பஸ்ஸில் போய்விட்டாள் என்று வாட்ச்மேன் சொன்னார். நான் கேட்கவே இல்லை.

நவம்பர் 13, புதன்

முடிவு செய்துவிட்டேன். விஜிலா டீச்சரிடம் கேட்கப் போகிறேன்.

“ஒன்ன மாட்டிவிட்ட பொம்பளட்டயா?” அம்மா குழம்புக் கரண்டியோடு அப்படியே நின்றாள். “ஒனக்கு என்ன கோட்டி கீட்டி பிடிச்சிருக்கா?”

“அவங்க மூஞ்சிக்கு நேராச் சொல்லுவாங்கம்மா.”

“என்னன்னு சொல்லுவாங்க? பூட்ட ஒடச்சான்னுதான?”

“ஆமா.”

அம்மா குழம்பைக் கிண்டப் போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமை மஸ்கட்டிலிருந்து அப்பா பேசும்போது இதையெல்லாம் சொல்லக் கூடாது என்று மட்டும் சொன்னாள்.

நவம்பர் 14, வியாழன்

குழந்தைகள் தினம். கீழ் வகுப்புகளுக்கு மாறுவேடப் போட்டி. கூச்சலில் பாடம் நடக்கவில்லை. விஜிலா டீச்சர் ஆய்வகத்தில் தனியாக உட்கார்ந்து நுண்ணோக்கிக்கான கண்ணாடி ஸ்லைடுகளைத் துடைத்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார்.

“டீச்சர், எனக்கு ஒரு சிபாரிசுக் கடிதம் எழுதணும்.”

“தேவசகாயம் சார் எழுதலையா?”

“அசெம்பிளில மன்னிப்புக் கேட்டா எழுதுவாங்களாம்.”

“கேக்க வேண்டியதுதான?”

“கேக்க மாட்டேன்.”

நிமிர்ந்து பார்த்தார். “ஒன்ன அவருட்ட இழுத்துட்டுப் போனது நான்தான். ஞாபகம் இருக்கா?”

“இருக்கு டீச்சர். கை ரெண்டு நாள் வலிச்சுது.”

“பெறகு எதுக்கு எங்கிட்ட வந்து நிக்க?”

அழகாகப் பேசுவதற்கு வாக்கியங்கள் தயார் செய்து வைத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. “அன்னைக்கு நடந்தத நீங்க மட்டுந்தான் டீச்சர் முழுசாப் பாத்தீங்க. நான் ஒடச்சதையும் பாத்தீங்க. பிரியா அழுததையும் பாத்தீங்க. வேற யாரு எழுதுனாலும் ஒண்ணு தங்கமான பிள்ளைன்னு எழுதுவாங்க, இல்லன்னா ரவுடின்னு எழுதுவாங்க.”

“நான் என்ன எழுதுவேன்னு நெனைக்க?”

“தெரியல. ஆனா நடக்காதத எழுத மாட்டீங்க.”

“நீ செஞ்சது தப்பு. ஸ்கூல் சாமான ஒடச்சது தப்பு. அத எழுதுவேன்.”

“எழுதுங்க.”

“பாடம் நடத்தும்போது குறுக்க குறுக்கப் பேசுவ. மைட்டோசிஸ் நடத்துன அன்னைக்கு என்ன ஒரு வரி முடிக்க விடல. அதையும் எழுதுவேன்.”

“எழுதுங்க டீச்சர்.”

பெட்டியை மூடினார். கொக்கி சரியாக விழவில்லை, மறுபடி திறந்து மூடினார். பிறகு என்னைப் பார்க்காமல் பேசினார்.

“காலைல வீட்ட விட்டு எறங்குறதுக்கு முன்னாடியே நான் தண்ணி குடிக்கிறத நிறுத்திருவேன். பதினாலு வருசமா இப்படித்தான். ஸ்டாஃப் பாத்ரூம் சாவி ஆபீஸ்ல, தேவசகாயம் சாரோட நாற்காலிக்குப் பின்னால ஆணில தொங்குது. அத்தன ஆம்பளையளுக்கு நடுவுல போயி எடுக்கணும். ஒரு நாளும் இத நான் யாருட்டயும் சொன்னதில்ல.”

அவரோடு வெளியே எத்தனை விளையாட்டுப் போட்டிக்கு, கண்காட்சிக்குப் போயிருக்கிறோம். நாங்களெல்லாம் மோர் குடிக்கும்போது வேண்டாம் என்பார். கஞ்சத்தனம் என்று நாங்கள் சிரித்திருக்கிறோம்.

“அப்படிப் பாக்காத. ஈமெயில் ஐடி சொல்லுதேன், எழுதிக்கோ.”

நவம்பர் 18, திங்கள்

இரண்டாவது கடிதம் தமிழாசிரியர் செண்பகராமன் சாரிடம். கேட்டதும் அவர் முகம் வாடிவிட்டது.

“இங்கிலீஷ்ல எழுதணுமாம்மா? இங்கிலீஷ்ல எனக்கு லீவு லெட்டர்தான் வரும்.”

தமிழில் எழுதலாமா என்று பல்கலைக்கழகத்துக்கு மெயில் போட்டுக் கேட்டேன். எழுதலாம், தமிழ் தெரிந்தவர் எங்களிடம் இருக்கிறார் என்று பதில் வந்தது. சாரிடம் காட்டினேன். சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைத் திறந்துவிட்டார், இன்னும் மெயில் முழுவதையும் படித்து முடிக்கக்கூட இல்லை.

நவம்பர் 27, புதன்

உயிரியல் ரெக்கார்டு நோட்டுகளைக் கொடுக்க ஆய்வகத்துக்குப் போனேன். உள்ளே தேவசகாயம் சார் குரல் கேட்டது. வாசலிலேயே நின்றுவிட்டேன். ஒட்டுக்கேட்கவில்லை. நோட்டுகள் கனமாக இருந்தன.

“லெட்டர அனுப்புறதுக்கு முன்னாடி எங்கிட்ட ஒரு தடவ காட்டுங்க டீச்சர். நம்ம ஸ்கூல் பேரு அதுல இருக்குலா.”

“வேற யாருட்டயும் காட்டக் கூடாதுன்னு போட்டிருக்கு சார்.”

“நான் வேற ஆளா?”

“அந்தப் பிள்ளைக்கே காட்டக் கூடாது. ஒங்களுக்கு எப்படிக் காட்டுவேன்?”

“பூட்டு விஷயம் வெளிய போச்சுன்னா யாருக்கு அசிங்கம்னு யோசிச்சீங்களா?”

“பூட்டுனவங்களுக்கு சார்.”

இதை டீச்சர் சொல்லிவிட்டாரா, நானாகக் கற்பனை செய்தேனா என்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சந்தேகமாக இருந்தது. இல்லை, சொன்னார்.

டிசம்பர் 2, திங்கள்

பல்கலைக்கழகத்திலிருந்து மெயில். இரண்டு கடிதங்களும் வந்து சேர்ந்தன. விண்ணப்பம் முழுமையானது.

ஆய்வகத்துக்குப் போய் விஜிலா டீச்சருக்கு நன்றி சொன்னேன். “வேரோட குறுக்குவெட்டு வரைஞ்சிருக்கியே, அதுல பாகம் ஒண்ணு விட்டுருக்கு. மொதல்ல அத வரை” என்றார்.

டிசம்பர் 25, புதன்

கிறிஸ்துமஸ். அம்மாவுக்கு டியூட்டி. நான் கோயிலுக்குப் போய்விட்டு வந்து அவளுக்குப் பிரியாணி கொண்டுபோய்க் கொடுத்தேன். வருடா வருடம் பிரியா வந்து கேக் சாப்பிடுவாள். இந்த வருடம் கேக் மிஞ்சிவிட்டது. பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தேன்.

ஜனவரி 3, வெள்ளி

விஜிலா டீச்சரை ஆறாம் வகுப்புக்கு மாற்றிவிட்டார்கள்.

பொதுத்தேர்வுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது. எங்களுக்கு இனி புது டீச்சர், போன வருடம்தான் படித்து முடித்தவர். ‘நிர்வாக வசதிக்காக’ என்று நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருந்தது.

“எல்லாம் ஒன்னாலதான்” என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல். வகுப்பு முழுவதும் என்னைத் திரும்பிப் பார்த்தது. எழுந்து, “ஆமா, என்னாலதான். அவங்கள மாத்துனவர விட்டுட்டு என்னப் பாக்கீங்க, பாருங்க” என்றேன். உட்கார்ந்து புத்தகத்தைத் திறந்தேன். எந்தப் பக்கம் என்று தெரியவில்லை.

ஜனவரி 6, திங்கள்

டீச்சரைப் பார்க்கப் போனேன். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் ஒருவன் தலையில் ஒருவன் ஏறிக்கொண்டிருந்தார்கள். “டீச்சர், என்னால ஒங்களுக்கு...” என்று தொடங்கினேன்.

“நீ எழுதச் சொல்லிக் கேட்ட, அவ்வளவுதான். எழுதுனது நான். எனக்குச் சேரவேண்டியத நீ எடுத்துக்காத. போய்ப் படி.”

அன்று சாப்பாடு இறங்கவில்லை. கத்திரிக்காய் சரியாக வேகாததால் இருக்கும்.

ஜனவரி 9, வியாழன்

இன்று நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்ததும் பிரியா எழுந்தாள். உயிரியல் நோட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். வராந்தாவைத் தாண்டி, மைதானத்தைத் தாண்டி, ஆறாம் வகுப்பு வாசலில் போய் நின்று, “டீச்சர், மரபியல்ல ஒரு சந்தேகம்” என்றாள். அவள் பின்னாலேயே நாலைந்து பேர் போனார்கள். பிறகு உயிரியல் குரூப் முழுக்கப் போனது. என்னைக் கரித்துக்கொட்டிய கடைசி பெஞ்சும் போனது.

நான் கடைசியாகப் போனேன். உள்ளே உட்கார இடமில்லாமல் எல்லோரும் சின்ன பெஞ்சுகளில் முழங்காலை மடக்கிக்கொண்டிருந்தார்கள். டீச்சர் ஆறாம் வகுப்புப் போர்டில் கட்டம் போட்டுக்கொண்டிருந்தார். பிரியா கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள். பக்கத்தில் இடம் விட்டிருந்தாள்.

மாடி வராந்தாவில் தேவசகாயம் சார் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். சாப்பாட்டு நேரத்தில் சந்தேகம் கேட்கக் கூடாது என்று எங்கள் பள்ளிக்கூடத்தில் விதி கிடையாது.

ஜனவரி 10, வெள்ளி

“நான் அன்னைக்கு சார்ட்ட அப்படிச் சொல்லிருக்கக் கூடாதுட்டி” என்றாள் பிரியா.

“எப்படிச் சொன்ன? எனக்கு ஞாபகமே இல்ல” என்றேன்.

நம்பவில்லை. ஆனாலும் வீட்டுக்கு வந்து, மிச்சமிருந்த முறுக்கைத் தின்று தீர்த்துவிட்டுப் போனாள்.

பிப்ரவரி 8, சனி

வீடியோவில் நேர்காணல். அம்மா கதவுக்கு வெளியே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, மின்விசிறிச் சத்தம் கேட்குமோ என்று அதையும் நிறுத்தி வைத்திருந்தாள். எனக்கு வியர்த்து ஊற்றியது. மூன்று பேர் கேட்டார்கள். வேர் எப்படித் தண்ணீரைத் தேடுகிறது, ஏன் உயிரியல், இதெல்லாம் நன்றாகவே போனது.

பிறகு நடுவில் இருந்த அம்மையார் தாளைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “உன்னைப் பிடித்துக் கொடுத்த ஆசிரியையிடமே நீ கடிதம் கேட்டிருக்கிறாய். அவர் என்ன எழுதியிருக்கிறார் தெரியுமா? நீ மறுபடி உடைத்தால் மறுபடியும் பிடித்துக் கொடுப்பேன் என்று. இதற்கு என்ன சொல்கிறாய்?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியவில்லை. அவர் எழுதியிருக்கக்கூடிய எத்தனையோ வாக்கியங்களைப் படுக்கையில் கிடந்து யோசித்திருக்கிறேன். இதை யோசிக்கவில்லை.

“மறுபடி பூட்டினால் மறுபடி உடைப்பேன், மேடம். அவர் பிடித்துக் கொடுக்கட்டும். அது அவருடைய நியாயம். ஆனால் முதலில் சாவி கேட்பேன். அன்றைக்கும் கேட்டோம்.”

மூன்று பேரும் எதையோ குறித்துக்கொண்டார்கள். அவ்வளவுதான் என்றார்கள்.

கதவைத் திறந்தால் அம்மா கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள். “அதப் போயி ஏன்ட்டி சொன்ன? போச்சு. எல்லாம் போச்சு.”

போனால் போகட்டும் என்றேன். உள்ளே போய் முகம் கழுவினேன். ரொம்ப நேரம் கழுவினேன். வியர்வை அப்படி.

மார்ச் 25, செவ்வாய்

பரீட்சை முடிந்தது. பை முழுக்க மை.

மார்ச் 29, சனி

கிடைத்துவிட்டது. முழு உதவித்தொகை, விடுதியும் சேர்த்து.

அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தாள். போனில் சொன்னேன். பதிலுக்கு, அவள் யாரிடமோ, “பெட் நம்பர் ஆற நீ பாத்துக்கோ சிஸ்டர்” என்று சொல்லும் குரல் மட்டும் வந்தது.

ஏப்ரல் 1, செவ்வாய்

விஜிலா டீச்சரிடம் சொல்லப் போனேன். ஆறாம் வகுப்புக்கு எதையோ எழுதிப் போட்டுவிட்டு வாசலுக்கு வந்தார். வருகிற கல்வியாண்டிலும் அவரைப் பழையபடி ப்ளஸ் டூவுக்குப் போடப் போவதில்லை என்று சொல்லிவிட்டார்களாம். “ஆறாங்கிளாசும் பிள்ளைங்கதான” என்றார். பிறகு, “ஹாஸ்டல்ல நெறையத் தண்ணி குடி” என்றார்.

செண்பகராமன் சார் ஒரு பேனா கொடுத்தார்.

ஏப்ரல் 3, வியாழன்

தேவசகாயம் சார் என்னையும் அம்மாவையும் கூப்பிட்டிருந்தார். அம்மா டியூட்டிக்குப் போகும் வெள்ளைச் சேலையிலேயே வந்தாள். இரண்டு பேருக்கும் காப்பி வந்தது.

“ரொம்பப் பெருமையா இருக்கும்மா. ஃப்ளெக்ஸ் அடிக்கப் போறோம். கேட்டுல ஒண்ணு, பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒண்ணு. ‘எங்கள் பள்ளியின் பெருமை’ன்னு போட்டு, நடுவுல நம்ம பெர்சிஸ். நல்ல போட்டோவா ஒண்ணு குடுங்க.”

நான் வாயைத் திறந்தேன். அம்மா என் முழங்காலில் கை வைத்தாள். அவளே கேட்டாள்.

“விஜிலா டீச்சர் படமும் போடுவியளா சார்?”

“அவங்க இப்ப ஆறாங்கிளாஸ்லா எடுக்காங்க...”

“அதான் கேக்கேன். மறுபடி ப்ளஸ் டூக்கு வருவாங்களா?”

“அது மேனேஜ்மென்ட் முடிவும்மா. அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல.”

“அப்போ எம்மக படம் வேண்டாம் சார்.”

“என்னம்மா இப்படிச் சொல்லுதீங்க? பிள்ளைக்குத்தான பெருமை?”

“கேக்காமப் போட்டியன்னா நானே வந்து கிழிப்பேன்.”

அம்மா குரலை உயர்த்தவில்லை. ஊசி போடுவதற்கு முன்னால் நோயாளியிடம் கையைத் தளர்த்தச் சொல்வாளே, அந்தக் குரல். காப்பியை முழுவதும் குடித்துவிட்டு, டம்ளரை மேசையில் வைத்துவிட்டு எழுந்தாள். நானும் எழுந்தேன். ஒரு வருடமாக, ‘தணிஞ்சு பேசு’ என்று என்னிடம் சொன்னவள் இவள்தான்.

பஸ்ஸில் டிக்கெட் எடுக்கும்போது அவள் பர்சைத் தலைகீழாகப் பிடித்துவிட்டாள். சில்லறை கீழே சிந்தியது. நான் பொறுக்கிக் கொடுத்தேன்.

முருகன்குறிச்சி தாண்டியதும், “படம் நல்லாத்தான் இருந்திருக்கும்லா” என்றாள். “ஒன் பொறந்தநாளுக்கு எடுத்தது. அந்த நீலச் சுடிதார்.”

“திரும்பிப் போயி குடுத்துட்டு வருவமா?”

“ஏட்டி, சும்மா கெட.”

சிரித்தாள். ஜன்னல் பக்கம் திரும்பிச் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். நாங்கள் இறங்க வேண்டிய நிறுத்தம் வந்தது. கண்டக்டர் இரண்டு தடவை கத்தினார். அம்மா எழுந்திருக்கவில்லை.

“அடுத்த ஸ்டாப்புல எறங்குவோம்ட்டி” என்றாள். “கொஞ்சம் நடக்கணும் போல இருக்கு.”